பீரியட்ஸ் வலியும் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து வந்தா என்ன பண்றீங்க தோழிகளே?

கயல்_ஈரோடு:

ஃபைப்ரோ இருக்கறவங்க யாராச்சும் இருந்தா பதில் போடுங்க ப்ளீஸ். எனக்கு வயசு 34, ஒரு பையன் இருக்கான், ப்ரைவேட் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். உடம்பு பூரா வலி, தூங்கி எந்திரிச்சாலும் அசதி, ப்ளட் டெஸ்ட் எல்லாமே நார்மல்னு அலைஞ்சு அலைஞ்சு கடைசில ஒரு ரூமட்டாலஜிஸ்ட் தான் ஃபைப்ரோமயால்ஜியான்னு சொன்னாரு. ராத்திரி ப்ரீகாபலின் 75 போடறேன், மத்த நாள்ல ஓரளவு சமாளிச்சுக்கறேனுங்க.

பிரச்சனையே தேதி நெருங்கும்போது தான். நாலஞ்சு நாள் முன்னாடியே கழுத்து, தோள்பட்டை, தொடை எல்லாம் புடிச்சுக்குது, தூக்கம் சுத்தமா போயிருது, அப்புறம் மொத நாள் அடிவயிறும் இடுப்பும் சேர்ந்து ஒரு வலி வரும் பாருங்க, நிக்கவும் முடியாது படுக்கவும் முடியாது, வாந்தி வேற. எங்க ஸ்கூல்ல சேலை தான் கட்டணும். அன்னைக்கு பாவாடை நாடாவ இழுத்து முடிச்சு போட்டா அந்த இடத்துல தோலே எரியுது, சாயந்தரம் அவுத்தா நாடா பட்ட தடம் செவந்து கெடக்கும், அதுல கை வைக்க முடியாது. லூசா கட்டுனா சேலை நிக்காது. அதோட நின்னுக்கிட்டே அஞ்சு க்ளாஸ் எடுக்கணும்.

லேடி டாக்டர்கிட்ட சொன்னா "அது உங்க ஃபைப்ரோ வலிம்மா, அந்த டாக்டர பாருங்க"ங்கறாங்க. அவர்கிட்ட போனா "அது கைனிக் ப்ராப்ளம்"னு அனுப்பிடறாரு. வீட்ல மாமியார் "நாங்கெல்லாம் இதோட தான் நாத்து நட்டோம் களை எடுத்தோம்"ங்கறாங்க. மெடிக்கல்ல மெஃப்டால் ஸ்பாஸ் வாங்கி போட்டா சில மாசம் கேக்குது சில மாசம் கேக்கல, ப்ரீகாபலின் கூட போடலாமான்னும் பயமா இருக்கு. நீங்கெல்லாம் என்ன பண்றீங்க?

அம்மு_திருச்சி:

ஐயோ அந்த பாவாடை நாடா மேட்டர் அப்படியே எனக்கும்!! இத்தனை நாள் எனக்கு மட்டும் தான்னு நெனச்சேன். நாடா வேணாம் சிஸ், அகலமான எலாஸ்டிக் வச்ச சாரி ஷேப்வேர்னு விக்கறாங்கல்ல, அதுல ரெண்டு சைஸ் பெருசா வாங்குங்க, இறுக்கம் ஒரே கோட்டுல விழாம பரவலா விழும், சேலையும் நிக்கும். கொசுவத்த தொப்புளுக்கு கீழ சொருகாம கொஞ்சம் மேலேயே சொருகிக்கோங்க.

மதுரைமல்லி:

கயல் மா, உங்க பதிவ படிச்சதும் எனக்கு கை பதறிடுச்சு, ஏன்னா ரெண்டு டாக்டரும் மாத்தி மாத்தி அனுப்பற இந்த கதைய நான் வருஷக்கணக்கா பட்டிருக்கேன். ஒரு தடவை ஃபைப்ரோன்னு ஃபைல்ல எழுதிட்டா அதுக்கப்புறம் தலைவலி வந்தாலும் ஃபைப்ரோ, வயித்துவலி வந்தாலும் ஃபைப்ரோ, யாரும் மேற்கொண்டு பாக்கறதே இல்ல. எனக்கும் அப்படித்தான் ஓடுச்சு, அப்புறம் வேற ஒரு கைனகாலஜிஸ்ட் உக்கார வச்சு பொறுமையா கேள்வி கேட்டு எம்ஆர்ஐ எடுக்க சொன்னாங்க, பாத்தா அடினோமயோசிஸ் (கர்ப்பப்பையோட உள் லேயர் மாதிரி திசு அதோட தசைச் சுவருக்குள்ள வளர்றது), கூடவே எண்டோமெட்ரியோசிஸும் (அதே மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது). ஃபைப்ரோ இருக்கறது உண்மை தான், ஆனா அது இருக்கறதால இது இல்லன்னு ஆகிடாதுல்ல.

உங்ககிட்ட சிலது கேக்கறேன், இங்க சொல்ல கூச்சமா இருந்தா சொல்ல வேணாம், மனசுக்குள்ள பதில் சொல்லி டாக்டர்கிட்ட சொல்லுங்க. வயசுக்கு வந்ததுல இருந்தே இப்படியா, இல்ல இருபது முப்பதுக்கு மேல கூடுச்சா? பீரியட்ஸ் அப்போ மோஷன் போகும்போது, யூரின் போகும்போது வலி இருக்கா? கணவரோட சேரும்போது உள்ள ஆழத்துல வலி? கட்டி கட்டியா போகுதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுதா? இதுல ஏதாவது ஆமான்னா அத வெறும் ஃபைப்ரோன்னு விட்டுடவே கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் ஒண்ணும் அபூர்வமான வியாதி இல்ல, உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி பிள்ளை பெறும் வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 19 கோடி பேருக்கு இருக்கு. இன்னொண்ணு, சாதாரண ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் எண்டோ இல்லன்னு அர்த்தம் இல்ல. 2022ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலே இத சொல்லுது, எல்லாருக்கும் லேப்ராஸ்கோப்பி (வயித்துல சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டு பாக்கறது) பண்ணி தான் கண்டுபிடிக்கணும்னும் இல்ல, அறிகுறிய வச்சே ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கலாம்னு.

பானு_ஃபார்மசி:

நான் மருந்தாளுநர், மாத்திரை பத்தி மட்டும் சொல்றேன், டோஸ் உங்க டாக்டர் தான் முடிவு பண்ணணும்.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும் கயல். ஃபைப்ரோ வலியும் பீரியட்ஸ் க்ராம்ப்பும் வர்ற வழி வேற வேற. கர்ப்பப்பையோட உள் லேயர் உரியும்போது ப்ராஸ்டாக்ளாண்டின்னு ஒரு வேதிப்பொருள் நெறைய சுரக்கும், அது தசைய முறுக்கி ரத்த ஓட்டத்த குறைக்கும், அது தான் வலி, வாந்தியும் லூஸ் மோஷனும் கூட அதனால தான். மெஃபெனாமிக் ஆசிட், ஐப்யூப்ரோஃபென், நேப்ராக்ஸன் எல்லாம் அந்த சுரப்பையே தடுக்கும். ஃபைப்ரோல அப்படி இல்ல, மூளையும் தண்டுவடமும் வலிய ஸ்பீக்கர் வால்யூம் ஏத்தி வச்ச மாதிரி பெருசாக்கி காட்டுது. அதனால தான் ஃபைப்ரோ வலிக்கு ஐப்யூப்ரோஃபென் பெருசா கேக்காது, ப்ரீகாபலின், டியூலோக்ஸெடின், அமிட்ரிப்டிலின்னு நரம்பு வழியா வேலை செய்யறது தர்றாங்க. உங்களுக்கு நடக்கறது, கர்ப்பப்பைல இருந்து வர்ற நிஜமான வலிய அந்த ஏத்தி வச்ச நரம்பு இன்னும் பெருசாக்குது. "ஃபைப்ரோவுக்கு பெயின் கில்லர் வேலை செய்யாது"ன்னு யாராச்சும் சொன்னா அத பீரியட்ஸ் வலிக்கும் சேர்த்து எடுத்துக்காதீங்க, க்ராம்ப்புக்கு அது வேலை செய்யும்.

சில மாசம் கேக்குது சில மாசம் கேக்கலன்னீங்களே, அனேகமா நேரம் தான் காரணம். ப்ராஸ்டாக்ளாண்டின் சுரந்து வலி உச்சிக்கு போனப்புறம் போட்டா லேட்டு, வாந்தி வர ஆரம்பிச்சுட்டா மாத்திரை உள்ள நிக்கவே நிக்காது. கறை பட்ட உடனே, இல்ல தேதி கரெக்டா வர்றவங்கன்னா முந்தின நாளே, சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள் மணி கணக்குப்படி போடற மாதிரி தான் டாக்டருங்க எழுதுவாங்க. மெஃபெனாமிக்னா வழக்கமா மொதல்ல 500, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா 250. அதுக்கு மேல நீட்டக் கூடாது.

மெஃப்டால் ஸ்பாஸ்ல மெஃபெனாமிக் 250ம் டைசைக்ளோமின் 10ம் சேர்ந்து இருக்கு. டைசைக்ளோமினும் ப்ரீகாபலினும் ரெண்டுமே தூக்கக் கலக்கம், தலைசுத்தல் குடுக்கறது, அதனால அன்னைக்கு ஸ்கூட்டி ஓட்டறத பாத்துக்கோங்க. அமிட்ரிப்டிலின் போடறவங்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல் இன்னும் கூடும். டியூலோக்ஸெடின் போடறவங்க கூட பெயின் கில்லர் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கூடும், டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க, டிரமடால்ங்கற வலி மாத்திரையும் அது கூட கேக்காம சேர்க்கவே கூடாது. அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருக்கறவங்களும் அப்படித்தான். 2023 கடைசில இந்திய பார்மகோபியா கமிஷன் மெஃபெனாமிக் பத்தி ஒரு எச்சரிக்கை குடுத்துச்சு ஞாபகம் இருக்கா, அபூர்வமா காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டறதுன்னு ஒரு கடுமையான அலர்ஜி வரலாம்னு. மாத்திரை போட்ட சில வாரத்துல அப்படி ஏதாவது வந்தா உடனே டாக்டர்.

சரசு_தஞ்சை:

கண்ணுங்களா, எனக்கு அறுபது ஆச்சு. இந்த காலத்து புள்ளைங்க எல்லாத்துக்கும் மாத்திரைய தேடுறீங்க. எங்க அம்மா உளுந்தங்களி கிண்டி கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழி பறிச்சு ஊத்தி குடுப்பாங்க, இடுப்பு எலும்பு இரும்பா இருக்கும்னு. வெந்தயத்த மோர்ல ஊற வச்சு குடிங்க, சுக்கு கருப்பட்டி காபி குடிங்க, அடிவயித்துக்கு ஒத்தடம் குடுங்க. மாத்திரைய மொத்தமா விட்டுட்டு மூணு மாசம் இத பண்ணி பாரு கயலு.

மதுரைமல்லி:

சரசும்மா, நீங்க பாசமா சொல்றீங்கன்னு தெரியும், களிய நானும் விடல, உளுந்துல புரோட்டீன் இருக்கு, சூடா தொண்டைல இறங்கும்போது மனசுக்கே இதமா இருக்கும். ஒத்தடமும் நூத்துக்கு நூறு சரி. ஆனா "மாத்திரைய மொத்தமா விட்டுடு"ங்கறது மட்டும் வேணாம்மா. ப்ரீகாபலின திடீர்னு நிறுத்தினா தூக்கம் கெடும், வேர்க்கும், பதட்டம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம், டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும். வயித்துக்குள்ள எண்டோ இருந்தா களி அத கரைக்காது. எங்க வீட்லயும் இப்படியே சொல்லி சொல்லி தான் நாள் ஓடிப்போச்சு, அந்த ஆதங்கத்துல சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

சரசு_தஞ்சை:

அட தப்பா எல்லாம் எடுத்துக்கல. திடீர்னு நிறுத்தக் கூடாதுங்கறது எனக்கு புதுசு. அப்போ மாத்திரையும் போடு, களியும் சாப்பிடு கண்ணு. ஆனா நாத்து நட்டோம்னு சொல்றாங்களே உன் மாமியாரு, நாங்க நட்டோம் தான், வலியோட தான் நட்டோம், வரப்புல சுருண்டு படுத்த பொம்பளைங்கள நான் பாத்திருக்கேன். யாரும் கேக்கல, அவ்ளோதான்.

யாழினி_டொரொண்டோ:

பிள்ளையள், வாசிச்சுக்கொண்டு தான் இருந்தனான், எழுதாம இருக்க ஏலாமல் போச்சு. எனக்கும் ஃபைப்ரோ, மாதச்சுகவீனம் வந்தால் ரெண்டு நாள் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது. இஞ்ச என்ர குடும்ப டொக்டரோட வடிவா கதைச்ச பிறகு கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹோர்மோன் கொயில் வைச்சவை, லெவொநொஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் உள்ளது. முதல் கொஞ்ச மாதம் இடைக்கிடை கறை பட்டு கரைச்சலா இருந்தது, வைக்கேக்கயும் நல்ல நோ, அதை மறைக்க மாட்டன். ஃபைப்ரோ இருக்கெண்டு முன்னமே சொல்லி மரக்கிற ஊசி கேளுங்கோ. இப்ப ரத்தம் போறதே கொஞ்சம் தான், வயித்து நோ எவ்வளவோ குறைவு. உடம்பு நோ மாறேல்லை, அது தன்ர பாட்டில இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்டா சேர்ந்து அடிக்கிற அந்த நாள் இல்லாமல் போனது எனக்கு பெரிய விஷயம்.

கயல்_ஈரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, படிச்சுட்டு அழுதுட்டேன். மல்லிக்கா, நீங்க கேட்டதுல மூணுக்கு ஆமாங்க. மோஷன் போகும்போது வலிக்கறத எல்லாம் இதோட சேர்த்து பாக்கணும்னு யாருமே கேட்டதில்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். அடுத்த வருஷம் ரெண்டாவது குழந்தைக்கு பாக்கலாம்னு இருக்கோம், அப்போ ஹார்மோன் எல்லாம் ஆகுமா? அப்புறம் பங்குனில பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) வருது, மாமியார் பீரியட்ஸ தள்ளிப்போடற மாத்திரை போட சொல்றாங்க. போன தடவை போட்டப்ப அப்புறம் வந்தது ரொம்ப கொடுமையா இருந்துச்சு.

பானு_ஃபார்மசி:

தள்ளிப்போடற மாத்திரைன்னா நோரெதிஸ்டிரோன், தேதிக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல வந்துரும். சிலருக்கு வயிறு உப்பசம், தலைவலி, அப்புறம் வர்ற பீரியட்ஸ் அதிகமாவும் இருக்கும். ப்ரீகாபலினாலயே கால் வீங்கறவங்க இருக்காங்க, அதுக்கு மேல இதுவும்னா கஷ்டம். முன்னாடி ரத்தக்கட்டு வந்தவங்க டாக்டர் சொல்லாம தொடவே கூடாது. மெடிக்கல்ல கேட்டு வாங்கி போடற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா இருக்கு, எனக்கு அது பிடிக்கறதே இல்ல. உங்க உடம்பு தாங்காதுன்னா தாங்காது தான், குண்டத்துக்கு அவங்க போயிட்டு வரட்டும்.

குழந்தை பத்தி, டைனோஜெஸ்ட் மாதிரி எண்டோவுக்கு தர்ற ஹார்மோன் மாத்திரையும் சரி, கொயிலும் சரி, கர்ப்பத்துக்கு முயற்சி பண்ணும்போது ஆகாது. ஆனா ஒரு வருஷம் இருக்குன்னா அதுவரைக்கும் போட்டுட்டு நிறுத்தலாமான்னு கேளுங்க. ப்ரீகாபலின் பத்தியும் முயற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிடணும், நாள் தள்ளிப்போனப்புறம் இல்ல. ஒற்றைத் தலைவலி வர்றப்ப கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி, வெளிச்சம் நெளியற மாதிரி தெரியறவங்க ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது, அத டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க.

சுபா_பிசியோ:

பிசியோதெரபிஸ்ட் நான். என்கிட்ட வர்ற ஃபைப்ரோ பேஷன்ட்ஸ் நெறைய பேர்கிட்ட ஒரே பழக்கத்த பாக்கறேன், தேதி வர்றதுக்கு முந்தின வாரம் "அப்புறம் முடியாது"ன்னு வீட்ட கழுவி, மாவு ஆட்டி, போர்வை எல்லாம் ஊற வச்சு துவைச்சு எல்லாத்தையும் முடிச்சுடறாங்க. உடம்பு ஏற்கனவே சென்சிடிவ் ஆகற வாரத்துல அப்படி அடிச்சு போட்டா மொத நாள் டபுளா விழும். அந்த வாரம் தான் வேலைய பிரிச்சு போடணும். பாத்ரூம் கழுவினா அன்னைக்கு அது மட்டும். மாவு கடைல வாங்குங்க, யாரும் ஒண்ணும் சொல்லிட மாட்டாங்க, சொன்னாலும் சொல்லட்டும்.

ஆனா மொத்தமா படுத்துடவும் வேணாம். ஐரோப்பிய வாதநோய் சங்கம் ஃபைப்ரோவுக்கு குடுத்த பரிந்துரைல அழுத்தமா பரிந்துரைச்சது உடற்பயிற்சி ஒண்ணு தான், மாத்திரைய எல்லாம் அவ்வளவு அழுத்தி சொல்லல. மாசம் பூரா தினமும் கொஞ்ச நேரம் மெதுவா நடங்க, வலி நாள்ல அதுல பாதி. மொட்டை மாடில ஒரு ரவுண்டு கூட போதும்.

சூடு பத்தி: ஒத்தடம் நிஜமா வேலை செய்யும், ஆனா ரொம்ப கொதிக்க கொதிக்க வேணாம், தொட்டா இதமா இருக்கற சூட்ட ரொம்ப நேரம் வைக்கறது தான் நல்லது, துணி சுத்தி வைங்க. அதே இடத்துல மாசக்கணக்கா அதிக சூடு பட்டா தோல்ல வலை வலையா கறுப்பு விழும். கரண்ட்ல சூடாகற ஜெல் பைய வயித்து மேல போட்டுக்கிட்டே தூங்கிடாதீங்க. டென்ஸ் மெஷின் (தோல்ல பேட் ஒட்டி லேசா கரண்ட் குடுத்து வலிய குறைக்கறது) வாங்கறதா இருந்தா அடிவயித்துலயோ இடுப்புக்கு பின்னாடியோ பேட் ஒட்டி ஹை ஃப்ரீக்வென்சில வைக்கணும், ஃபைப்ரோ உடம்புக்கு மொதல்ல ரொம்ப கம்மியா ஆரம்பிக்கணும், சுள்ளுன்னு குத்தினா அது ஜாஸ்தி. பேஸ்மேக்கர் இருந்தா, கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா வேண்டாம்.

கார்த்திக்_நெல்லை:

இங்க ஆம்பளைங்க எழுதலாமான்னு தெரியல. என் வீட்டம்மாவுக்கு இதே பிரச்சனை. அந்த நாள்ல என்ன கேட்டாலும் "ஒண்ணும் வேணாம் விடுங்க"ன்னு சொல்லிடுதா. கால அமுக்கி விட்டா கத்துதா. நான் என்ன தான் செய்யணும்?

அம்மு_திருச்சி:

கேட்டதே பெருசுண்ணா. கேள்வி கேக்காதீங்க, அது தான் மொதல்ல. வலில இருக்கறப்ப "என்ன வேணும்"னு யோசிச்சு சொல்லவே மூளை வராது. நீங்களே வெந்நீர் வச்சு பைல ஊத்தி கைல குடுங்க, ரசம் சாதமோ இட்லியோ சாப்பிட வச்சுட்டு மாத்திரைய எடுத்து குடுங்க, புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு போங்க, லைட்ட அணைங்க. அமுக்கவே அமுக்காதீங்க, மத்தவங்களுக்கு சுகமா இருக்கற அமுக்கு எங்களுக்கு அடி. அவங்க கேட்டா மட்டும் உள்ளங்கைய சூடா இடுப்புல அசைக்காம வைங்க. அப்புறம் தேதிய உங்க போன்லயும் குறிச்சு வைங்க, நாலு நாள் முன்னாடியே கேஸ், காய்கறி, நாப்கின் எல்லாம் வாங்கி வச்சுடலாம்.

மதுரைமல்லி:

அம்மு சொன்னது தங்கம். லீவ் பத்தியும் ஒண்ணு சொல்லணும் கயல். பீகார்ல 1992ல இருந்தே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாசம் ரெண்டு நாள் மாதவிடாய் லீவ் இருக்கு, கர்நாடகால 2025ல வருஷத்துக்கு 12 நாள்னு கொண்டு வந்தாங்க. நம்ம ப்ரைவேட் ஸ்கூல் டீச்சருங்களுக்கு எதுவும் கிடையாது, நின்னுக்கிட்டே தான் பாடம் நடத்தணும்னு வேற எழுதாத சட்டம். எனக்கு இதுல அவ்ளோ கோவம் வருது. டாக்டர்கிட்ட "தேவைப்படும்போது உக்காந்து வேலை செய்ய அனுமதிக்கணும்"னு ஒரு லெட்டர் வாங்கி ஹெச்எம்கிட்ட குடுங்க, பீரியட்ஸ்னு எழுத வேண்டிய அவசியம் இல்ல, ஃபைப்ரோமயால்ஜியான்னு எழுதினா போதும். எனக்கு நாற்காலி கெடைச்சது அப்படித்தான்.

கயல்_ஈரோடு:

கோயமுத்தூர்ல வேற ஒரு கைனகாலஜிஸ்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேனுங்க. அங்க போய் உக்காந்தா மூளை மங்கி பாதி மறந்துரும், என்ன சொல்லணும்?

மதுரைமல்லி:

சொல்லாதீங்க, எழுதி குடுங்க. ஒரே பக்கம். எந்த தேதில என்ன வலி, உடம்பு வலி தனி கோடு, அடிவயித்து வலி தனி கோடு, எத்தனை நாப்கின், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கேட்டுச்சா இல்லையா, எத்தனை நாள் வேலைக்கு போக முடியல. மேல மொத வரில "எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கு, ஆனா இந்த வலி வேறயா இருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கான்னு பாக்கணும்"னு எழுதுங்க. ரெண்டு வலியும் ஒரே கட்டமா எழுதினா அவங்களும் ஒண்ணாவே பாப்பாங்க.

ப்ளட் டெஸ்ட் எழுதினா ஹீமோகுளோபின் மட்டும் இல்லாம ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு எவ்ளோன்னு காட்டறது) கேளுங்க, தைராய்டும் பி12ம் சேர்த்து. நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசு பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 குடும்ப நல கணக்கெடுப்பு சொல்லுது. ரத்தம் கம்மியானா வர்ற அசதியையும் நாம ஃபைப்ரோ கணக்குல எழுதிட்டு இருப்போம், அது சரி பண்ணக்கூடியது.

கயல்_ஈரோடு:

சரிங்க்கா, இன்னைக்கே எழுத ஆரம்பிக்கறேன். கடைசியா ஒண்ணு, உள்ள விட்டு எடுக்கற ஸ்கேன் வேணும்னு சொன்னா வலிக்குமா? சும்மா தொட்டாலே தாங்க மாட்டேன், அத நெனச்சே போகாம இருந்துருவேனோன்னு பயமா இருக்கு.

மதுரைமல்லி:

சங்கடமா இருக்கும், எண்டோ இருக்கறவங்களுக்கு சில இடத்துல குத்தும். உள்ள போறதுக்கு முன்னாடியே "எனக்கு தொட்டாலே வலிக்கற வியாதி, மெதுவா பண்ணுங்க, நிறுத்த சொன்னா நிறுத்தணும்"னு சொல்லிடுங்க. உள்ள விடற ஸ்கேன் கருவிய "நானே வச்சுக்கறேன்"னும் கேக்கலாம், நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க. யூரின் போயிட்டு போங்க, இடுப்புக்கு கீழ ஒரு துண்ட மடிச்சு வைக்க சொல்லுங்க, லேடி ஸ்டாஃப் கூட இருக்கணும்னு கேளுங்க. முடியவே முடியலன்னா வயித்து மேல எடுக்கறதோ எம்ஆர்ஐயோ இருக்கு. அன்னைக்கு லூசான சுடிதார் போட்டுட்டு போங்க, சாயந்தரம் வேலை எதுவும் வச்சுக்காதீங்க.